சுருள் கேலக்ஸிகளின் வான்முகவரி

சார்ல் மெசியே 18ஆம் நூற்றாண்டில் பாரிசில் இருந்துகொண்டு தொகுத்த பட்டியலில் இன்று 110 பொருள்கள் எண்ணப்படுகின்றன. அவற்றுள் 40 கேலக்ஸிகள். இன்றைய வகைப்பாட்டின்படி அந்த நாற்பதில் 27 சுருள் வடிவம் கொண்டவை. அவை தென்படும் விண்மீன் கூட்டங்களின்படி இந்த இருபத்தேழையும் பிரித்து எழுதிப் பார்த்தேன். பெரனிசின் கூந்தல் எனப்படும் கோமா பெரனிசஸில் 6. கன்னி, சிம்மம், பெருங்கரடி, வேட்டை நாய்கள் ஆகிய நான்கிலும் தலா 4. ஆக 22. மிஞ்சிய ஐந்தும் ஆண்ட்ரோமெடா, முக்கோணம், மீனம், திமிங்கிலம், நீர்ப்பாம்பு ஆகிய கூட்டங்களில் ஒவ்வொன்றாகக் கிடக்கின்றன. எம் 82 (மெசியே பட்டியலின் 82ஆம் பொருள்) போன்ற ஒன்றிரண்டை எந்த வகையில் சேர்ப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதனால் மொத்தச் சித்திரம் மாறிவிடாது.

முதலில் சொன்ன ஐந்து கூட்டங்களும் ஒன்றையொன்று ஒட்டியவை. ஐந்தின் பரப்பையும் கூட்டினால் முழு வானத்தில் பத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அந்தச் சிறு பகுதிக்குள் ஐந்தில் நான்கு பங்குச் சுருள்கள் அடங்கிவிடுகின்றன. மறுபுறம், வேறெந்தக் கூட்டத்தையும்விட அதிகமாக 15 மெசியே பொருள்களை வைத்திருக்கும் தனுசில் ஒரு கேலக்ஸிகூட இல்லை. விருச்சிகம், ரிஷபம், ஓரியன், காசியோப்பியா, சிக்னஸ் எதிலும் இல்லை.

இந்த ஏற்றத்தாழ்வு ஏன்? பல கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் கேலக்ஸிக்கும், நம் பக்கத்து விண்மீன்களை இணைத்து மனிதர் வரைந்த கரடிக்கும் கன்னிக்கும் என்ன உறவு? எம் 51 வேட்டை நாய்களில் உள்ளது, எம் 83 நீர்ப்பாம்பில் உள்ளது என்று வானியல் நூல்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகின்றன. அந்த ஒரு வரிக்குள் பெரியதொரு விஷயம் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு சுருள் எந்த விண்மீன் கூட்டத்தில் தெரிகிறது என்ற தகவல் அந்தச் சுருளைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. எல்லாச் சுருள்களின் முகவரிகளையும் சேர்த்துப் பார்த்தாலோ, நாம் எங்கே இருக்கிறோம் என்பது தெரியவருகிறது.

முகவரி என்றால் என்ன

1922இல் சர்வதேச வானியல் ஒன்றியம் வானத்தின் விண்மீன் கூட்டங்களாக 88ஐ ஏற்றுக்கொண்டது. அவற்றின் எல்லைகளை வரையும் பணியை பெல்ஜிய வானியலர் யூஜின் டெல்போர்ட் மேற்கொண்டார். 1930இல் அவை வெளியாயின. அதற்கு முன்பு எல்லைக்கோடுகள் வரைபடத்துக்கு வரைபடம் வளைந்து நெளிந்து மாறிக்கொண்டிருந்தன. டெல்போர்ட் பூமியின் அட்சரேகை, தீர்க்கரேகை போன்ற வான்கோடுகளை ஒட்டியே எல்லா எல்லைகளையும் வெட்டினார். இன்று 'பெருங்கரடி' என்று ஒரு வானியலர் சொன்னால் கரடியின் உருவத்தையோ ஏழு விண்மீன்களையோ குறிப்பதில்லை. 1,280 சதுரப் பாகை கொண்ட வான்பரப்பையே குறிக்கிறார். ராசிச் சக்கரத்தின் கன்னியும் இந்தக் கன்னியும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ராசி என்பது சரியாக 30 பாகை. ஒன்றியத்தின் கன்னியோ சூரியப் பாதையில் ஏறத்தாழ 44 பாகை நீள்கிறது.

அந்தப் பரப்புக்குள் ஆழத்தின் எந்தப் புள்ளியில் இருக்கும் பொருளும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததாகவே எழுதப்படும். ஆண்ட்ரோமெடாவின் முதல் விண்மீன் ஆல்ஃபெராட்ஸ். நம் மரபில் உத்திரட்டாதியின் இரு மீன்களில் ஒன்றாகக் கொள்ளப்படுவது. அது 97 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. ஆண்ட்ரோமெடா கேலக்ஸியான எம் 31 இருப்பதோ 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே திசை. தொலைவில் ஒன்று மற்றதைப்போல் ஏறத்தாழ 25,000 மடங்கு.

ஒரே கூட்டத்துக்குள் எத்தனை அடுக்குகள் இருக்கக்கூடும் என்பதற்குக் கோமா பெரனிசஸைப் போல நல்ல சான்று வேறில்லை. எகிப்திய அரசி இரண்டாம் பெரனிஸ் கோயிலுக்குக் காணிக்கையாக்கிய கூந்தலின் பெயரால் வழங்குவது இது. வெறுங்கண்ணுக்கு அங்கே மங்கலான ஒரு விண்மீன் கொத்து தெரியும். அது சுமார் 280 ஒளியாண்டுத் தொலைவில், நம் தெருவிலேயே இருக்கிறது. அதே திசையில் இருண்ட தூசுப் பட்டையால் 'கருங்கண்' என்று பெயர்பெற்ற எம் 64 சுருள் சுமார் 1.7 கோடி ஒளியாண்டில் இருக்கிறது. அதற்கும் பின்னால், ஐந்தரைக் கோடி ஒளியாண்டில் எம் 100. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி அதிலுள்ள, தொலைவு கணிக்க உதவும் செஃபீட் வகை விண்மீன்களைப் பிரித்தறிந்து தொலைவை அளந்தது 1994இல். பிரபஞ்சம் விரியும் வேகத்தைச் சீராகக் கணிப்பதற்கான முக்கியப் படி அது. இன்னும் பின்னால், சுமார் 32 கோடி ஒளியாண்டில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் மொய்க்கும் கோமா கொத்து; அதற்குள் என்.ஜி.சி. என்ற பிற்காலப் பட்டியலில் 4921ஆம் எண் பெற்ற வெளிறிய சுருள். 1933இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி இந்தக் கொத்தின் கேலக்ஸிகள் ஓடும் வேகத்தைப் பார்த்துத்தான், கண்ணுக்குத் தெரியாத பொருள் பெருமளவில் இருக்க வேண்டும் என்று வாதிட்டார். இந்த நான்கு அடுக்குக்கும் எழுதப்படும் முகவரி ஒன்றே.

இதற்கு நேர்மாறாக, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சுருள்கள் வெவ்வேறு கூட்டங்களில் பிரிந்து கிடப்பதும் உண்டு. பெருங்கரடியின் எம் 81, 1.2 கோடி ஒளியாண்டில் இருக்கும் அழகிய சுருள். அதன் ஈர்ப்புக் குழுவைச் சேர்ந்த என்.ஜி.சி. 2403 பக்கத்து ஒட்டகச்சிவிங்கியில் தெரிகிறது. நீர்ப்பாம்பின் எம் 83க்கு நெருங்கிய குழு உறவினர் நீர்ப்பாம்பில் இல்லை, சென்டாரஸில் உள்ள என்.ஜி.சி. 5128தான். நம் பால்வீதியின் சொந்தக் குழுவில் நம்மைத் தவிர்த்த இரு பெரும் சுருள்களான எம் 31, எம் 33 இரண்டும் தமக்குள் பத்து லட்சம் ஒளியாண்டுக்கும் குறைவான தொலைவில் இருந்தும் ஒன்று ஆண்ட்ரோமெடா, மற்றது முக்கோணம் என்று பிரிக்கப்பட்டிருக்கின்றன.

எம் 51இன் நிலை இன்னும் வேடிக்கையானது. சப்தரிஷி மண்டலத்தின் வால்நுனியான மரீசி விண்மீனிலிருந்து மூன்றரைப் பாகை தள்ளினால் அதைப் பிடித்துவிடலாம். தேடுபவர் எவரும் பெருங்கரடியிலிருந்துதான் தொடங்குவார். ஆனால் எல்லைக்கோடு நடுவே ஓடுவதால் அதன் முகவரி வேட்டை நாய்கள். அருந்ததியை அணைத்து நிற்கும் வசிட்டரையும் மரீசியையும் அடியாகக் கொண்டு வடக்கே ஒரு சமபக்க முக்கோணம் வரைந்தால் உச்சியில் எம் 101 அகப்படும். அது பெருங்கரடிக்கே உரியது. கன்னியில் பதிவாகியிருக்கும் எம் 104ஐத் தேட நல்ல வழி அஸ்தத்தின் ஐந்து மீன்களிலிருந்து போவது. அது எல்லையின் விளிம்பில் நிற்கிறது.

சாய்வும் இப்படித்தான். எம் 101 தட்டை முகம் காட்டி நிற்கிறது, எம் 31 சுமார் 77 பாகை சாய்ந்து நீள்வட்டமாகத் தெரிகிறது, கோமாவின் என்.ஜி.சி. 4565 முற்றிலும் விளிம்பைக் காட்டி ஊசி போலக் கிடக்கிறது. எந்தத் திசையில் இருக்கிறது என்பதற்கும் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதற்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆகவே தனித்தனிச் சுருளைப் பொறுத்தவரை விண்மீன் கூட்டம் வெறும் வழிகாட்டிப் பலகைதான். மொத்தப் பரவலுக்கு வந்தால் கதை வேறாகிவிடுகிறது.

வெற்றிடம் தந்த குழப்பம்

1845இல் அயர்லாந்தின் பிர் கோட்டையில் ரோஸ் பிரபு தம் 72 அங்குலத் தொலைநோக்கியால் எம் 51ஐப் பார்த்து, சுழலும் கைகளை வரைந்தார். நெபுலா என்று அன்று அழைக்கப்பட்ட மங்கலான ஒளித்திட்டு ஒன்றில் சுருள் வடிவத்தை அடையாளம் கண்டது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு கோமாவின் எம் 99இலும் அதே வடிவம் தெரிந்தது. ஆனால் அவை என்ன என்பது அப்போது எவருக்கும் விளங்கவில்லை. நம் விண்மீன் தொகுதிக்கு உள்ளேயே உருண்டு திரளும் வாயுவா, அல்லது வெகுதொலைவில் இருக்கும் வேறு தொகுதிகளா?

இந்த வழக்கில் முகவரிப் பட்டியலே சாட்சியாக அழைக்கப்பட்டது. நெபுலாக்கள் பால்வீதியின் பட்டையை விட்டு விலகி அதன் இரு துருவங்களை நோக்கி மொய்க்கின்றன என்பது அன்றைய பட்டியல்களிலேயே தெரிந்தது. 1858இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் இதை வைத்து ஒரு வாதம் எழுப்பினார். பின்னர் ரிச்சர்ட் பிராக்டரும் அதே வழியில் சென்றார். நெபுலாக்கள் பால்வீதியோடு தொடர்பே இல்லாத தொலைதூரத் தொகுதிகள் என்றால், அவை பால்வீதியின் அமைப்புக்கு ஏற்றபடி ஒழுங்காகப் பரவிக் கிடப்பது எப்படி? தொடர்பற்ற பொருள் எல்லாத் திசையிலும் சமமாகத்தானே இருக்க வேண்டும்? ஆகவே அவை நம் தொகுதியின் உறுப்புகளே என்றார்கள். இதை அசட்டு வாதம் என்று தள்ளிவிட முடியாது. கையில் இருந்த தரவுகளை வைத்துப் பார்த்தால் அது கூர்மையான வாதமே. தரவும் சரி, தர்க்கமும் சரி. நடுவே நிற்கும் ஒரு பொருள் மட்டும் கணக்கில் வரவில்லை.

1920 ஏப்ரல் 26 அன்று வாஷிங்டனில் வானியலர்கள் ஹார்லோ ஷேப்லியும் ஹீபர் கர்டிஸும் எதிரெதிராகப் பேசிய புகழ்பெற்ற விவாதத்திலும் இந்தக் கேள்வி வந்தது. ஷேப்லியின் தரப்பு, சுருள்கள் பால்வீதியைத் தவிர்ப்பதையும், எம் 101 கண்ணெதிரே சுழல்வதாக அட்ரியான் வான் மானென் அளந்து சொன்னதையும் நம்பி நின்றது. அந்தச் சுழற்சி உண்மையானால் எம் 101 தொலைவில் இருக்க முடியாது. அந்த அளவீடு பிழை என்று பிற்பாடு தெரிந்தது.

கர்டிஸ் தந்த விடைதான் இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். லிக் வானாய்வகத்தில் அவர் விளிம்பைக் காட்டி நிற்கும் சுருள்களைப் படமெடுத்துக்கொண்டே இருந்தார். கோமாவின் என்.ஜி.சி. 4565, ஆண்ட்ரோமெடாவின் என்.ஜி.சி. 891 போன்றவற்றின் நடுவே, நீளவாக்கில், ஒரு கருங்கோடு ஓடுவதைத் திரும்பத் திரும்பக் கண்டார். அது ஒளியை மறைக்கும் பொருள். நம் பால்வீதியும் ஒரு சுருள்தான் என்றால் அதன் தட்டிலும் இதேபோன்ற மறைப்பு இருக்க வேண்டும். நாம் அந்தத் தட்டுக்குள்ளேயே இருப்பதால், தட்டின் வழியே பார்க்கும் திசைகளில் வெளியே உள்ள சுருள்கள் தெரியாமல் போக வேண்டும். சுருள்கள் பால்வீதியைத் தவிர்க்கவில்லை. பால்வீதிதான் அவற்றை மறைக்கிறது. ஸ்பென்சரின் சாட்சியம் அதே தரவைக்கொண்டே தலைகீழாகத் திருப்பப்பட்டது. தனுசில் ஏன் சுருள் தெரியவில்லை என்ற கேள்விக்குக் கோமாவில் தெரியும் ஒரு சுருள் பதில் சொல்லியிருக்கிறது!

பிறகு நடந்தவை விரைவாக முடிந்தன. 1912 முதல் வெஸ்டோ ஸ்லைஃபர் அளந்து வந்த வேகங்கள் ஏற்கெனவே சங்கடம் தந்திருந்தன. எம் 31 நொடிக்குச் சுமார் 300 கி.மீ. வேகத்தில் நெருங்குகிறது, எம் 104 சுமார் 1,000 கி.மீ. வேகத்தில் விலகுகிறது என்றால் இவற்றை நம் தொகுதியின் ஈர்ப்பு பிடித்துவைத்திருக்க முடியுமா? 1923இல் எட்வின் ஹப்பிள் மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியால் எம் 31இல் ஒரு செஃபீட் விண்மீனைக் கண்டார். 1925 ஜனவரி முதல் நாளில் முடிவு அறிவிக்கப்பட்டது. சுருள்கள் தனித் தொகுதிகள். 1930இல் ராபர்ட் டிரம்ப்ளர், தொலைவில் உள்ள விண்மீன் கொத்துகள் இருக்க வேண்டியதைவிட மங்கலாகத் தெரிவதை வைத்து, விண்மீன்களுக்கு இடையே தூசு பரவியிருப்பதை நிறுவினார். கர்டிஸின் மறைப்புப் பொருள் அதுதான்.

பனியும் ஜன்னலும்

பால்வீதித் தட்டின் குறுக்களவு சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டு, தடிமன் சுமார் ஆயிரம். மார்கழி விடியலில் வயல்வெளியில் ஆளுயரத்துக்குப் பனி படிந்திருக்கையில் எதிர்வரப்பில் நிற்பவர் தெரிவதில்லை. அண்ணாந்து பார்த்தால் விண்மீன்கள் பளிச்சென்று தெரிகின்றன. நம் நிலைமையும் அதுவே. தட்டின் மையம் இருக்கும் தனுசுத் திசையில் 26,000 ஒளியாண்டுத் தூசு வழியே வரும் கண்ணுக்குப் புலப்படும் ஒளி லட்சம் கோடியில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடுகிறது. தட்டுக்குச் செங்குத்தான திசையிலோ சில நூறு ஒளியாண்டுக்குள் தூசைக் கடந்துவிடலாம். அந்தச் செங்குத்தின் வடமுனை கோமா பெரனிசஸில் விழுகிறது. தென்முனை சிற்பி எனப்படும் ஸ்கல்ப்டரில். கோமாவில் ஆறும் அதைச் சுற்றிப் பதினாறுமாக மெசியேயின் சுருள்கள் குவிந்ததற்கு முதல் காரணம் இதுதான்.

அப்படியானால் தென்முனையைச் சுற்றியும் கூட்டம் இருக்க வேண்டுமல்லவா? இருக்கிறது. ஸ்கல்ப்டரில் என்.ஜி.சி. 253, என்.ஜி.சி. 300; ஃபோர்னாக்ஸில் நடுத்தண்டோடு கூடிய பிரம்மாண்டமான என்.ஜி.சி. 1365, எரிடானஸில் அதே வகையின் பாடநூல் மாதிரியான என்.ஜி.சி. 1300. மெசியே பட்டியலில் இவை இல்லாததற்குக் காரணம் வானம் அல்ல, பாரிஸ். அங்கிருந்து பார்த்தால் இவற்றுள் பெரும்பாலானவை தெற்கு அடிவானத்தின் புகைக்குள் தாழ்ந்தே போகும். என்.ஜி.சி. 253ஐ 1783இல் கரோலின் ஹெர்ஷல் இங்கிலாந்திலிருந்து கண்டார். 300, 1365 இரண்டையும் 1826இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஜேம்ஸ் டன்லப் கண்டார். எம் 83ஐக்கூட முதலில் கண்டவர் 1752இல் நன்னம்பிக்கை முனையில் இருந்த வானியலர் லக்காயிதான். ஆகவே எந்தப் பட்டியலை வைத்து ஒப்பிட்டாலும் பார்த்தவர் எங்கே நின்றார் என்ற திருத்தத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நின்ற இடம் என்ற வகையில் தென்தமிழ்நாட்டுக்கு ஒரு பேறு உண்டு. எம் 31உம் என்.ஜி.சி. 253உம் ஐந்து நிமிட இடைவெளிக்குள் உச்சிக்கோட்டைக் கடக்கின்றன. ஒன்று வான்நடுக்கோட்டுக்கு 41 பாகை வடக்கே, மற்றது 25 பாகை தெற்கே. இரண்டுக்கும் நட்டநடு அட்சரேகை 8 பாகை வடக்கு, அதாவது கன்னியாகுமரி. கார்த்திகை மாத இரவில் அங்கே நிற்பவருக்கு வடக்கே ஒரு பெருஞ்சுருளும் தெற்கே ஒரு பெருஞ்சுருளும் தலையுச்சியிலிருந்து சம அளவு, சுமார் 33 பாகை, விலகி நிற்கும். முதலாவதற்கு இருண்ட வானமும் கண்ணும் போதும். இரண்டாவதற்கு இருகண் நோக்கி வேண்டும். ஐரோப்பாவின் பெரும் வானாய்வகங்கள் எவற்றுக்கும் இந்தக் காட்சி கிடைத்ததில்லை.

இதனோடு இன்னொன்றும் சேர்கிறது. சுருள்கள் மலிந்த கூட்டங்கள் பல, பழையோர் தனி உருவம் தராமல் விட்ட மங்கலான பகுதிகள். வேட்டை நாய்களை உருவாக்கியவர் 17ஆம் நூற்றாண்டின் ஹெவீலியஸ். ஸ்கல்ப்டரும் ஃபோர்னாக்ஸும் 18ஆம் நூற்றாண்டில் லக்காயி வைத்த பெயர்கள். கோமாவைத் தனிக் கூட்டமாகக் காட்டியது 1602இல் வெளியான திக்கோ பிராகேயின் பட்டியல். தட்டை விட்டு விலகிப் பார்க்கும் திசையில் நம் விண்மீன்களே குறைவு. அதனால் அங்கே உருவம் வரையப் புள்ளிகள் கிடைக்கவில்லை. விண்மீன் குறைந்த அதே இடத்தில் தூசும் குறைவு. அதனால் கேலக்ஸிகள் தெரிகின்றன. இதை விதியாகக் கொள்ள முடியாது. சிம்மமும் கன்னியும் பிரகாசமான விண்மீன்களோடு பழமையாகவே இருக்கின்றன. தட்டுக்கு அருகில் இருக்கும் ஒட்டகச்சிவிங்கி மங்கலாகவும் புதிதாகவும் இருக்கிறது. ஆயினும் போக்கு தெளிவாகவே தெரிகிறது.

திரை மட்டுமா காரணம்

தூசு ஒன்றே காரணம் என்றால் வடக்கு ஜன்னலிலும் தெற்கு ஜன்னலிலும் காட்சி ஒரே மாதிரி இருக்க வேண்டும். அப்படி இல்லை. உத்திர நட்சத்திரத்துக்கும் கன்னியின் எப்சிலான் விண்மீனுக்கும் இடையே சுமார் 5.4 கோடி ஒளியாண்டுத் தொலைவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகளைக் கொண்ட கன்னிக் கொத்து உண்மையாகவே அங்கே இருக்கிறது. அது கன்னி, கோமா என்ற எல்லையைப் பொருட்படுத்தாமல் இரண்டிலும் பரவிக் கிடக்கிறது. எம் 58, 61, 88, 90, 91, 98, 99, 100 எல்லாம் அதன் உறுப்பினர்கள். எம் 104 கன்னியில் தெரிந்தாலும் அந்தக் கொத்தைச் சேர்ந்ததல்ல; சுமார் 3 கோடி ஒளியாண்டில் முன்னால் நிற்கிறது. பூரத்தின் தென்மீனுக்குக் கீழே தெரியும் எம் 65, எம் 66, என்.ஜி.சி. 3628 மூன்றும் சிம்மத்தின் சொந்தச் சிறு குழு.

இங்கேதான் சுருள்களையே ஒப்பிட்டுப் பார்க்கும் கேள்வி பொருளுடையதாகிறது. பெருங்கரடித் திசையில், ஏறக்குறைய 6 கோடி ஒளியாண்டில், எம் 109ஐ உள்ளிட்ட ஒரு கேலக்ஸிக் கொத்து உண்டு. கன்னிக் கொத்துக்கும் அதற்கும் தொலைவில் பெரிய வேறுபாடு இல்லை. உள்ளே இருப்பவை மட்டும் மிகவும் வேறு. கன்னியின் நடுவே எம் 87, எம் 49 போன்ற நீள்வட்டப் பேருருவங்கள் வீற்றிருக்கின்றன. சுற்றியுள்ள சுருள்கள் பலவற்றில் வாயு குறைந்துவிட்டது, கைகள் வெளிறிவிட்டன. கொத்துக்குள் நிறைந்திருக்கும் சூடான வாயுவின் ஊடே ஓடுகையில் எம் 90 போன்ற சுருள் தன் ஹைட்ரஜனைப் பறிகொடுக்கிறது. வாயு போனால் புதிய விண்மீன் பிறப்பதற்கு வழியில்லை. பெருங்கரடிக் கொத்திலோ நெருக்கமான நடுப்பகுதியே இல்லை. அங்கே ஏறத்தாழ எல்லாமே வாயு நிறைந்த சுருள்கள். நெரிசல் கூடக்கூடச் சுருள்களின் விகிதம் குறைவதை 1980இல் ஆலன் டிரெஸ்லர் பல கொத்துகளை வைத்துக் காட்டினார். கன்னியின் சுருளுக்கும் பெருங்கரடியின் சுருளுக்கும் இடையே உண்மையான வேறுபாடு இருக்கிறது. அதை உண்டாக்கியது விண்மீன் கூட்டம் அல்ல, அந்தத் திசையின் ஆழத்தில் இருக்கும் நெரிசல்.

நம் சொந்தச் சுருளின் முகவரி

விண்மீன் கூட்டத்துக்கும் சுருளுக்கும் உண்மையான, நேரடித் தொடர்பு ஒரே ஓர் இடத்தில் உண்டு. அது பால்வீதி. வெறுங்கண்ணால் பார்த்து உருவம் வரைந்த விண்மீன்கள் அனைத்தும் இந்த ஒரு சுருளின் துகள்களே, அதுவும் பெரும்பாலும் நம்மைச் சுற்றிய சில ஆயிரம் ஒளியாண்டுக்குள் இருப்பவை. 1951இல் வில்லியம் மார்கனும் உடன் உழைத்தவர்களும் சூடான நீல விண்மீன்களின் தொலைவுகளைக் குறித்து, பால்வீதிக்கும் கைகள் உண்டு என்று காட்டினார்கள். அந்தக் கைகளுக்குச் சூட்டிய பெயர்களும் விண்மீன் கூட்டங்களுடையவையே: பெர்சியஸ் கை, தனுசு-கரீனா கை, ஸ்கூட்டம்-சென்டாரஸ் கை, நார்மா கை. நாம் இருப்பது ஓரியன் கையில். சுமார் 860 ஒளியாண்டில் ஒளிரும் ரிகல் நமக்கு ஒரே கையின் அண்டை வீட்டார். பெர்சியஸின் இரட்டைக் கொத்தைப் பார்ப்பவர் சுமார் 7,500 ஒளியாண்டு தாண்டி அடுத்த கையைப் பார்க்கிறார். நடுவே ஒரு தண்டு இருப்பதை ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் அகச்சிவப்புக் கணக்கெடுப்பு 2005இல் உறுதிப்படுத்தியது. வெளியே இருந்து பார்த்தால் பால்வீதி, சிம்மத்தின் எம் 95 போலத் தண்டு கொண்ட சுருள் வகையில்தான் சேரும்.

திரைக்குப் பின்னால்

கண்ணுக்கு வெறுமையாகத் தெரிந்த காசியோப்பியா, சிக்னஸ், வேலா போன்ற கூட்டங்களுக்கு இப்போது நியாயம் கிடைத்து வருகிறது. ஒட்டகச்சிவிங்கியின் ஐ.சி. 342 சுமார் 1.1 கோடி ஒளியாண்டில் இருக்கும் பெரிய சுருள். தூசு மட்டும் இல்லையென்றால் வானின் பேர்பெற்ற கேலக்ஸிகளில் ஒன்றாக இருந்திருக்கும். சிக்னஸ், செஃபியஸ் எல்லையில் தூசுக்குள் மங்கித் தெரியும் என்.ஜி.சி. 6946இல் 1917க்கும் 2017க்கும் இடையே பத்து சூப்பர்நோவாக்கள் காணப்பட்டிருக்கின்றன. நன்கு தெரியும் சுருள்களில்கூட இவ்வளவு பதிவானதில்லை. 1960களின் இறுதியில் இத்தாலியின் பவுலோ மஃபெய் அகச்சிவப்புப் படங்களில் காசியோப்பியாத் திசையில் இரு கேலக்ஸிகளைக் கண்டார். அவற்றுள் மஃபெய் 2 ஒரு சுருள். 1977இல் சிர்சினஸ் கூட்டத்தில், தட்டிலிருந்து 4 பாகையே விலகி, 1.3 கோடி ஒளியாண்டில் ஒரு சுருள் இருப்பது தெரிந்தது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அதுவரை எவர் பட்டியலிலும் அது இல்லை.

1994இல் நெதர்லாந்தின் ட்விங்கலோ ரேடியோ தொலைநோக்கி இன்னும் ஒரு படி போனது. காசியோப்பியாவில் ஒளிப்படத்தில் கண்டுகொள்வதே அரிதான ஒரு தண்டுச் சுருளை ஹைட்ரஜனின் 21 செ.மீ. அலையைக்கொண்டு பிடித்தது. அந்த அலை தூசைப் பொருட்படுத்துவதில்லை. சுருள்களில் ஹைட்ரஜன் நிறைய, நீள்வட்டக் கேலக்ஸிகளில் மிகக் குறைவு. ஆகவே ரேடியோத் தேடல் இயல்பாகவே சுருள்களைத்தான் அதிகம் வெளிக்கொணர்கிறது. 2016இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கிக் குழு பால்வீதியின் பின்னால் 883 கேலக்ஸிகளைப் பட்டியலிட்டது. அவற்றில் மூன்றில் ஒரு பங்கை அதற்கு முன்பு எவரும் பார்த்ததில்லை. அதே ஆண்டு, கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ரெனே கிரான்-கோர்டவெக் தலைமையிலான குழு வேலா கூட்டத்தின் திசையில், சுமார் 80 கோடி ஒளியாண்டுத் தொலைவில், கேலக்ஸிக் கொத்துகளின் பெருந்தொகுதி ஒன்று பரந்து கிடப்பதை அறிவித்தது. தென்னாப்பிரிக்காவின் கரூ வெளியில் நிற்கும் மீர்காட்டின் 64 அலைவாங்கிகள் அந்தத் திசையில் ஹைட்ரஜனைத் தேடியிருக்கின்றன. வேலா, நார்மா, காசியோப்பியா ஆகியவற்றின் கணக்கில் சேரும் சுருள்களின் எண்ணிக்கை ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் ஏறிக்கொண்டிருக்கிறது. கோமாவின் பங்கு அதற்கேற்பக் குறைகிறது.